மூன்றிலிருந்து நேரே ஐந்துக்கு: பிடிஎஸ் காலம்

"பிள்ளை எல்லாத்தையும் முன்னாடியே படிச்சிடுது டீச்சர், ஒரு வகுப்பு தாண்டி ஏத்த முடியுமா?" சுங்கை பூலோவில் ஓர் அம்மா கேட்டார்.

ஒரு காலத்தில் முடிந்தது. தொடக்கக் கல்வியை 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் முடிக்கலாம் என்றது 1996 கல்விச் சட்டம். அதே ஆண்டில் பிடிஎஸ் மதிப்பீடு வந்தது. மூன்றாம் ஆண்டில் தேறியவர், பெற்றோர் சம்மதித்தால், நேரே ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம். ஒன்பது வயசுக்கு டியூஷன் களைகட்டியது. 2001-இல் அரசு இதைக் கைவிட்டது. (நானும் எழுதினேன். தேறவில்லை, அது வேற கதை.)

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. யுபிஎஸ்ஆர் மலாயில் தேறாவிட்டால், படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு. கணிதத்தில் புலி, மலாயில் தடுமாற்றம் என்றால், தாண்டிய நான்காம் ஆண்டில் மலாயும்தானே போச்சு? மிச்சம் பிடித்த ஆண்டை அங்கே திருப்பிக் கொடுக்கணும்.

பிறகு 2009-இல் பாங்கி யுகேஎம் பல்கலைக்கழகத்தில் பெர்மாத்தா பிந்தார் தொடங்கியது. பிள்ளை தன் வகுப்பிலேயே இருந்து, பள்ளி விடுமுறையில் முகாமுக்குப் போனது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

யுபிஎஸ்ஆர் போய்விட்டது, புகுமுக வகுப்பு போகவில்லை. அந்த அம்மாவிடம் பிள்ளையின் மலாய்க் கட்டுரை நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.