தைலவர்ண முகச்சித்திரமும் இரவிவர்மா அதனைக் கற்ற வரலாறும்

நமது தேசத்துக் கைத்தொழில்கள் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மைந்தனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் வழிவழியாக இறங்கி வந்தவையாம். சித்திரத் தொழிலும் அத்தகையதே. தஞ்சையிலும் மதுரையிலும் சித்திரம் எழுதுங் குடும்பத்துப் பிள்ளை, எழுத்தறியுமுன்னரே வர்ணம் அரைக்கக் கற்றுக் கொள்ளும். ஆயின் எண்ணெயிற் குழைத்த வர்ணங்கொண்டு கித்தான் துணியின்மேல் மனித உருவை எழுதும் தைலவர்ண முறை அங்ஙனம் வந்ததன்று. ஐரோப்பியரோடு கடல் கடந்து வந்தது. அதனைக் கற்பிக்கத் தந்தையுமில்லை, மாமனுமில்லை. அந்நிலையில் ஒருவர் அதனை எவ்வாறு கற்றார் என்பதை நமது சங்கத்துக் குடும்பத்தார், விசேஷமாகப் பிள்ளைகளைத் தொழிலுக்கு விட எண்ணியிருப்போர், அறிந்திருத்தல் நன்று.

1848ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29ஆம் நாள் திருவிதாங்கூர் இராச்சியத்துக் கிளிமானூரில் இரவிவர்மா பிறந்தார். இவருடைய மாமன் இராஜராஜவர்மா தாமும் சித்திரம் எழுத வல்லவர். மதுரையிலிருந்து திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்திருந்த அழகிரி நாயுடு என்பாரிடம் பயின்றவர் என்பர். மருமகன் வீட்டுச் சுவரிற் கரியால் உருவங்கள் கிறுக்குவது கண்டு சினவாமல் முதற்பாடங்களைச் சொல்லிக் கொடுத்தவர் இவரே. 1862இல், பதினான்கு வயதுச் சிறுவனாகிய இரவிவர்மாவை அவர் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் முன்னிலையில் நிறுத்தினார். மகாராஜா மகிழ்ந்து, அச்சிறுவன் அங்கேயே தங்கிப் பயிலவும், அரண்மனையிலிருந்த ஐரோப்பியச் சித்திரங்களைப் பார்க்கவும் இடங்கொடுத்தார்.

அக்காலத்து அரண்மனையில் தைலவர்ணம் அறிந்தவர் மதுரை இராமசாமி நாயக்கர் ஒருவர். இராமசாமி நாயுடு என்றும் அவரைக் குறிப்பதுண்டு. இரவிவர்மா அவரிடம் அம்முறையைக் கற்க விரும்பியபோது அவர் உடன்படவில்லை என்றும், வளரும் பிள்ளை நாளைத் தமக்கே போட்டியாவான் என எண்ணினார் என்றும் சரித்திரம் எழுதியோர் கூறுவர். இதற்காக நாயக்கரைப் பலர் கடிந்திருக்கின்றனர். நாம் அத்துணை விரைவிற் கடிய ஒருப்படோம். அரசரொருவர் அளிக்கும் ஆதரவே அவருடைய அன்னம். அக்கலையோ அவர் அரிதின் முயன்று தேடியது. அதனை அரசருக்கு உறவான, அரசரின் பிரியத்துக்கும் பாத்திரமான ஒரு பிள்ளையின் கையில் வைத்துவிட்டால் தமக்கு மிஞ்சுவது யாது என்று அவர் அஞ்சியிருந்தால், அவ்வச்சம் பொய்யென்று எவர் சொல்வார்? நம் வீடுகளிலும் தொழில் மருமத்தைப் பெட்டியிற் பூட்டித் திறவுகோலை இடுப்பிற் செருகியவர் இல்லாமற் போகவில்லை.

ஆனால் நாயக்கரின் மாணாக்கரான ஆறுமுகம் பிள்ளை என்பார், ஆசிரியர் அறியாமல், தமக்குத் தெரிந்ததை இரவிவர்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று அவ்வரலாறே தொடர்கின்றது. ஆசிரியரின் ஆணையை மீறியது பிழையோ, மறைந்து கிடந்த கல்வியை வெளிப்படுத்தியது புண்ணியமோ, அதனைப் படிப்போர் தாமே எடையிட்டுக் கொள்க. இரவிவர்மாவின் பெயரை அறியாத வீடு தென்னாட்டில் அரிது. ஆறுமுகம் பிள்ளையின் பெயரை அறிந்தாரோ மிகச் சிலர்.

நிற்க, இம்முறையில் மறைத்து வைக்கத்தக்க மருமந்தான் யாது? தஞ்சாவூர்ப் பாணிப் படம் பலகையின்மேல் துணியொட்டி, சுண்ணமும் பசையுங் கலந்து பூசி, பொன்ரேக்கும் கற்களும் பதித்து எழுதப்படுவது. அதில் வர்ணம் நீரிலும் பிசினிலும் கரைந்து நிற்பது; நீர் போனவுடன் உலர்ந்துவிடும். ஆகவே ஒரு நிறம் மற்றொரு நிறத்தோடு படத்தின்மேலேயே இழைய நேரமில்லை. கோடே உருவத்தைத் தாங்கி நிற்கும். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வர்ணத்தின் குணம் வேறு. அவ்வெண்ணெய் நீரைப்போல ஆவியாய்ப் போவதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு மெல்ல மெல்ல இறுகித் தோல்போலப் படியும். அதற்குச் சில நாட்களாகும். அடர்ந்து பூசிய இடத்துக்கு இன்னும் நெடுங்காலமாகும். அதற்குள் கன்னத்தின் ஒளியையும் கழுத்தின் நிழலையும் தூரிகையால் ஒன்றோடொன்று இழைத்து, எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கிற்று என்று தெரியாதபடி செய்யலாம். கோடு மறைந்து உருவம் திரளுவது இதனாலேயே.

இவ்வசதியே கற்போனைக் கெடுப்பதுமாம். உலராத வர்ணத்தை மேலும் மேலும் தேய்ப்பவன் கையில் எல்லா நிறமும் சேறாகிவிடும். எண்ணெய் மிகுந்த அடுக்கின்மேல் எண்ணெய் குறைந்த அடுக்கைப் பூசினால், மேலது முந்தி இறுகிக் கீழது பின்னர் அசைய, படம் வயல்வெடிப்புப்போல வெடிக்கும். ஆதலின் கீழே மெலிந்தும் மேலே கொழுத்தும் இருத்தல் வேண்டும் என்பது இத்தொழிலின் பால பாடம்.

மேனி நிறம் பற்றியோ சொல்ல வேண்டியது மிகுதி. புதிதாய்ப் பயில்வோர் ஒளிக்கு வெள்ளையையும் நிழலுக்குக் கருப்பையும் கலந்துவிடுகின்றனர். முகம் ஒருபுறம் சுண்ணாம்பும் மறுபுறம் அடுப்புக்கரியுமாய் நிற்கும். நம்மவரின் மாநிறத்தை மஞ்சட்காவி, செங்காவி, வெள்ளை இம்மூன்றைக்கொண்டே பெரும்பாலும் அமைத்துவிடலாம். நிழலில் அந்நிறம் கறுப்பதன்று. செம்மை ஆழ்ந்து, சிறிது பச்சையோ நீலமோ ஊடுருவி நிற்கும். மூக்கு நுனியும் காதுமடலும் சிவந்து தோன்றும். செம்பட்டு உடுத்தவளின் மோவாயின் அடியில் அப்பட்டின் சாயல் ஏறியிருக்கும். வெள்ளைப் புடைவையின் மடிப்பு நிழலில் வெள்ளையாக இராது. வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்ளும். பல நிறங்களை வாங்கிக் குவிப்பதாலும் பயனில்லை. ஸ்வீடன் தேசத்து ஆண்டர்ஸ் ஸோர்ன் என்னும் ஓவியர் (1860–1920) வெள்ளை, மஞ்சட்காவி, ஒரு சிவப்பு, கருப்பு ஆகிய நான்கைக்கொண்டே முகச்சித்திரங்கள் எழுதியதற்குப் பேர்பெற்றவர். அவர் தட்டிலிருந்த கருப்பு, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பக்கத்தில் நீலம்போலத் தோன்றும். கருப்பு தீயதன்று, அதை நிழலென்று நினைப்பதே தீது. கண்ணைச் சற்றே இடுக்கிப் பார்த்து, முதலில் ஒளி இருள்களின் அளவைத் தீர்த்துக்கொண்டு, பிறகு நிறத்தைத் தேடுவோர்க்குக் கை விரைவில் வசப்படும்.

1868இல் தியடோர் ஜென்ஸன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தாரின் உருவங்களை எழுதத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க மனம் ஒவ்வவில்லை. மகாராஜாவின் விருப்பத்துக்கு இணங்கி, தாம் எழுதும்போது இரவிவர்மா அருகிலிருந்து பார்க்க மாத்திரம் இசைந்தார். இருபது வயது இளைஞர். வினவினால் விடை கிடைக்குமென்ற உறுதியில்லை. பார்வை ஒன்றே துணை. வர்ணத்தட்டில் எந்த நிறம் எதனோடு சேருகிறது, எந்த இடத்தைத் தேய்க்கிறார், எந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார் என்று பார்த்து, பார்த்ததைத் தனியே செய்து பழகுவதன்றி அவருக்கு வேறு வழியில்லை. அப்பழக்கம் ஆண்டுகள் கொண்டது. அக்காலத்தில் வர்ணங்கள் ஐரோப்பாவிலிருந்து குழாய்களில் அடைபட்டு வரத்தொடங்கியிருந்தன. அத்தகைய தகரக்குழாயை ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் 1841இல் கண்டுபிடித்திராவிடில் இம்முறை நம் நாட்டில் இத்துணை எளிதில் வேரூன்றியிராது.

1870இல் இரவிவர்மா மூகாம்பிகை சந்நிதிக்கு யாத்திரை சென்று வழிபட்டுத் திரும்புகையில், கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோன் குடும்பத்தாரின் உருவத்தை எழுதினார். அவர் பொருள் பெற்று எழுதிய முதற் படம் இதுவென்பர். உயர்குடிப் பிறந்தவர் கூலிக்குத் தூரிகை பிடிப்பது அந்நாளிற் பலர் முகஞ்சுளிக்கத்தக்க செய்தி. அவர் அதைப் பொருட்படுத்தாதது நமக்கு வியப்பையும் மகிழ்ச்சியையும் தருகின்றது.

1873இல் சென்னையில் நடந்த சித்திரக் கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் மங்கையின் படத்துக்குக் கவர்னரின் தங்கப்பதக்கம் கிடைத்தது. அவ்வாண்டு வியன்னா கண்காட்சியிலும் அவருக்குப் பரிசு வந்தது. அடுத்த ஆண்டு, நரம்புக்கருவி மீட்டும் தமிழ்மாது ஒருத்தியின் படம் சென்னையில் மீண்டும் பதக்கம் பெற்றது. ஒருவரும் மனமுவந்து கற்பிக்காத கலையில், பார்க்கத் தொடங்கி ஐந்தே ஆண்டில் எய்திய நிலை இது. 1893இல் சிக்காகோ நகரக் கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் சென்றன.

அவருடைய புராணப் படங்களில் நாடக மேடையின் சாயல் மிகுதி என்று ஆனந்த குமாரசாமி போன்றோர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டென்றே நாமும் கருதுகிறோம். எனினும் துணியையும் மேனியையும் எழுதிய கையை அக்கண்டனம் தொடவில்லை. மைசூர் ஜகன்மோகன அரண்மனையிலுள்ள சங்கீத மகளிர் படத்தில் பல தேசத்துப் பெண்கள் பதினொருவர் அமர்ந்தும் நின்றும் இருக்கின்றனர்; ஒருத்தியின் மேனி நிறம் மற்றொருத்தியினது அன்று; ஒரு புடைவையின் மினுக்கு மற்றொன்றினது அன்று.

இரவிவர்மா 1894இல் பம்பாயில் வர்ண அச்சுக்கூடம் நிறுவினார். அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். எண்ணெயில் இழைந்து ஒன்றான நிறங்களைத் திரும்பவும் பிரித்துக் கல் கல்லாக எழுதிப் பதித்தே, அந்த இலக்குமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுச் சுவருக்கு வந்தனர். படங்கள் பலவற்றில் அவருக்குத் துணைநின்ற தம்பி சி. இராஜராஜவர்மா 1905இல் காலமானார். தமையனார் 1906 அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் மறைந்தார்.

திருவனந்தபுரத்துச் சித்திரசாலையில் அவருடைய மூலப்படங்கள் இருக்கின்றன. அங்கே போகும் நம்மவர் பிள்ளைகள், முதலில் எட்ட நின்று முழுப்படத்தையும், பிறகு நெருங்கி மோவாயின் அடி நிழலையும் பார்ப்பார்களாக. அந்நிழலிற் கருப்பு எவ்வளவு, செம்மை எவ்வளவு என்று வீடு திரும்பியபின் ஒரு தட்டிற் கலந்து பார்க்கலாம்.