மழையின் கணக்கும் மண்ணின் கணக்கும்

பேராதனையிலே தொடங்கி, நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா ஆகிய ஊர்களைக் கடந்து கிழக்கே இறங்கும் பெருவழி செங்கலடியிலே முடிகின்றது. அவ்வழியின் மேற்பாதியிலே நூற்றைம்பது ஆண்டுகளாக மண் கழுவுண்டு போன வரலாறு உண்டு. கீழ்முனையிலே, மாரிதோறும் வெள்ளத்தையும் அதனோடு வரும் மண்ணையும் எதிர்நோக்கி வாழும் வேளாண் மக்களின் கவலை உண்டு. பெய்த மழையில் எவ்வளவு ஓடும், ஓடும் நீர் எவ்வளவு மண்ணை அள்ளிச் செல்லும் என்று கணக்கிடும் அறிவு எங்ஙனம் வளர்ந்தது என்பதை இவ்விரு முனைகளையும் மனங்கொண்டு நோக்குதல் தகும்.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், விழுந்த நீரின் எடை ஏறத்தாழ 100 தொன். அதனுள் ஒரு பங்கு மண்ணுள் இறங்கும். ஒரு பங்கு நிலத்தின் மேலே ஓடும். ஓடும் பங்கைக் கணிக்க 1851ஆம் ஆண்டளவில் அயர்லாந்துப் பொறியியலாளர் தோமஸ் மல்வேனி ஓர் எளிய வழி கூறினார். மழையின் கடுமை, நிலத்தின் பரப்பு, ஒரு குணகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வெள்ளத்தின் உச்சம் கிடைக்கும். மணிக்கு ஓர் அங்குல வீதம் ஓர் ஏக்கரிலே பெய்யும் மழை முழுவதும் ஓடிவருமாயின், அது வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கன அடி நீராகும். 1932இல் அமெரிக்கர் ஷேர்மன், ஓர் அலகு மழைக்கு ஆறு எவ்வாறு ஏறி இறங்கும் என்பதை ஒரு வரைகோட்டில் அடக்கினார். மறு ஆண்டிலே ஹோட்டன் என்பார், மண் நீரை உட்கொள்ளும் ஆற்றலுக்கு மிஞ்சிய மழையே மேலே ஓடுகின்றது என விளக்கினார். இன்று கணிப்பொறிகள் செய்யும் பெருங்கணக்குகளிற் பலவும் இவர்கள் இட்ட அடித்தளத்தின் மீதே எழுந்தவை.

நம் கவனத்திற்குரியது அந்தக் குணகம். அடர்ந்த காட்டிலே அது சிறிது. வெற்று நிலத்திலே பெரிது. பொறியியலாளரின் கைநூலில் அஃது அட்டவணையிலுள்ள ஓர் எண் மட்டுமே. காடு ஏன் வெற்று நிலமாயிற்று, யார் ஆக்கினர் என்று அட்டவணை கூறாது. ஆகவே வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் அரசின் உடைமை என்றது. ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு மலைக்காடுகள் விற்கப்பட்டன. வாங்கினோருள் ஆட்சி செய்த அதிகாரிகளும் இருந்தனர். காடு வெட்டி எரிக்கப்பட்டது. செங்குத்தான சரிவுகளிலே கோப்பி நடப்பட்டது. 1869இல் ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலைநோய் தலைகாட்டியது. 1873இல் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர், இலங்கை மலைக்காடுகள் அழிவதால் நேரும் கேடுகளைப் பற்றிக் குடியேற்ற நாட்டமைச்சருக்கு எழுதினார். அதன் பயனாக 5,000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளை விற்றல் தடுக்கப்பட்டது. அதற்குக் கீழேயுள்ள மலைகளில் வேலை தடையின்றி நடந்தது. 1878 அளவில் கோப்பி நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கராயிற்று. கோப்பி மடிந்தபின் அதே சரிவுகளில் தேயிலை ஏறியது.

தோட்டத் துரைமாருக்கு ஒரு கொள்கை இருந்தது: செடியிடையே ஒரு புல்லும் நிற்றலாகாது. அதனை அவர்கள் நல்ல நிருவாகம் என்றே கருதினர். தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் சுரண்டியால் நிலத்தை வழித்தெடுத்தனர். வழித்த நிலத்தின் மீது பருவமழை பெய்தது. கரிய மேல்மண் ஓடைகளில் இறங்கிற்று. தேயிலை நிலங்கள் ஒரு நூற்றாண்டிலே ஏறத்தாழ ஓர் அடி மண்ணை இழந்தன என்றொரு மதிப்பீடு உண்டு. ஓர் ஏக்கரில் ஓர் அடி மண் என்பது 1,600 தொன் அளவாகும். இலண்டன் சந்தையில் தேயிலைக்கு விலை குறிக்கையில் இந்த இழப்பை எவரும் சேர்த்துக் கணக்கிட்டாரில்லை.

கணக்கிடத் தொடங்கியபோது காலம் கடந்திருந்தது. 1931இல் மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை வந்தது. 1933இல் ஹொல்லண்ட், ஜோவாக்கிம் என்னும் இருவர் தம் அளவீடுகளை வெளியிட்டனர். 1947 ஆகஸ்டிலே மலைநாட்டில் பெருவெள்ளமும் மண்சரிவும் நேர்ந்தன. 1951இல் மண்பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இடையிலே 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மண்ணிலே உழைத்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டது. மண்ணைக் காக்கச் சட்டம் இயற்றிய நாடாளுமன்றத்துக்கு, அம்மண்ணைக் கைகளால் அறிந்தவர் பலர் வாக்களிக்கவும் உரிமையற்றிருந்தனர்!

1965இல் அமெரிக்காவின் விஷ்மயரும் ஸ்மித்தும், பல சோதனைப் பாத்திகளின் அளவீடுகளைத் திரட்டி மண்ணிழப்புக்கு ஒரு சமன்பாட்டை நூலாக வெளியிட்டனர். மழையின் வலிமை, மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் சாய்வும், பயிர்மூடல், காப்பு முறை என்பன அதன் உறுப்புகள். இவற்றுள் முதலிரண்டும் பெரும்பாலும் இயற்கையின் கொடை. கடைசியிரண்டும் முற்றிலும் மனிதன் செயல். உலகெங்கும் பரவிய இச்சமன்பாட்டை நம் மலைகளுக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. மென்சரிவான அமெரிக்கப் பண்ணை நிலங்களே பெரும்பாலும் அதன் பிறப்பிடம். எனினும் மனிதன் செயலுக்கு அது தனியிடம் கொடுத்தது பெரிய காரியமே.

அச்செயலின் விளைவைப் பொல்கொல்லையிற் காணலாம். மகாவலியை மறித்து 1976இல் இயங்கத் தொடங்கிய அந்நீர்த்தேக்கம், 1988க்குள் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 விழுக்காட்டை வண்டலுக்குப் பறிகொடுத்தது. மேலே அரித்தெடுத்த மண் கீழே அணைக்குள் தங்கிற்று.

செங்கலடிப் பக்கத்து முந்தனை ஆறு தேயிலை மலையில் ஊறுவதன்று. றம்புக்கன் ஓயாவும் மகா ஓயாப் பக்கத்துக் குன்றுகளின் நீரும் சேர்ந்து வருவது. ஆயினும் விதி ஒன்றே. வடகீழ்ப் பருவமழை சில கிழமைகளுள் ஆண்டு மழையின் பெரும்பங்கைக் கொட்டிவிடும். 1957 டிசம்பரிலும் 2011 சனவரியிலும் அது கிழக்கை மூழ்கடித்தது. படுவான்கரைக் கமக்காரனின் பெரும்போக வேளாண்மை, வயலிலே எத்தனை நாள் வெள்ளம் தங்குகிறது என்பதைப் பொறுத்தே வாழும் அல்லது அழுகும். 56 கிலோமீற்றர் நீண்ட வாவி, வெள்ளத்தை முகத்துவாரத்தின் வழியே கடலுக்கு அனுப்ப வேண்டும்; மண் தூர்ந்தால் அதுவும் தடைப்படும்.

பண்டைக் குளம் கட்டியோர் இதனை அறியாதவரல்லர். இலங்கையின் வறண்ட வலயத்திலே, குளத்தின் மேற்புறத்தில் நீர் நுழையும் இடத்தே புல்வெளியை விட்டு வைத்தனர். வண்டல் அங்கேயே தங்கும். மண் வரம்புகளும் இட்டனர். சிங்களக் கிராமத்தார் இவற்றுக்குப் பெரஹன, இஸ்வெட்டிய எனப் பெயரிட்டு வழங்கினர். பயிர்மூடலும் காப்பு முறையும் சமன்பாட்டில் இடம்பெறுவதற்கு நூற்றாண்டுகள் முன்பே அவை நிலத்தில் இடம்பெற்றிருந்தன.

இப்பொழுது உறுகாமம், கித்துள் குளங்களை இணைத்துப் பெரிதாக்கும் திட்டம் நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது. நீர் வேண்டியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தகைய குளம் எத்தனை ஆண்டு வாழும் என்பதை நீரேந்து நிலத்தில் இருப்பது காடா, புல்லா, உழவா என்பதே தீர்மானிக்கும். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளில் வெளியிலிருந்து வந்தோர் காணி திருத்திப் பயிரிடுவதை எதிர்த்து, பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய அறப்போராட்டத்தை நாடறியும். அதனை மாடுகளின் வழக்கு என்று மட்டும் கருதுவோர் குணகத்தை மறந்தவராவர். புல் மூடிய நிலம் உழுத நிலமாகும்போது ஓடும் நீரும் மாறும். உடன் ஓடும் மண்ணும் மாறும்.

இம்மாற்றத்தை அளக்கப் பெரும்பொருள் தேவையில்லை. மழைமானி ஒன்று, ஆற்றின் நீர்மட்டம் காட்டும் அளவுகோல் ஒன்று, வெள்ள நாட்களில் ஆற்றுநீரைப் போத்தலில் முகந்து, வடித்து, உலர்த்தி, நிறுக்க ஒரு தராசு. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவரும் உறுகாமத்துக் கமக்காரரும் கூடி மாரிதோறும் செய்யத்தக்க வேலை இது. போத்தலின் அடியிலே தங்கிய மண் எந்தக் காணியிலிருந்து வந்தது என்பதை மாணவரைவிடக் கமக்காரரே முந்திச் சொல்லிவிடக் கூடும்.