பந்தியில் வளர்ந்த பழக்கம்



நல்ல உணவு உண்ண வேண்டும், நாள்தோறும் உடலை வளைத்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லாத ஆசிரியர் இரார். நானும் முப்பத்தெட்டு ஆண்டுகள் அதனைச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவன். நான் சொன்னதனால் மட்டும் எத்தனை பேர் மாறினர் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே நாணமாக இருக்கிறது. ஆயினும், ஊர் கூடி ஒன்றைச் செய்தபோது மக்களின் உணவுப் பழக்கம் சிறிது சிறிதாக மாறியதை என் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அந்த வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

1920ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். அவ்வாண்டில் சென்னையில் இரண்டு விதைகள் ஊன்றப்பட்டன. பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில் இயங்கிய மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள தன் பள்ளியில் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. அதே ஆண்டில், ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்திய அணியுடன் சென்றவரும் இவரே. அங்குப் பயின்றவர்கள் இராசதானியின் பள்ளிகளுக்குச் சென்றனர். என் பாட்டன் காலத்தில் பள்ளிக்கூடம் என்றால் திண்ணையும் மணலுந்தான். என் காலத்தில் விசில் ஊதும் டிரில் மாஸ்டர் இல்லாத உயர்நிலைப் பள்ளியை நினைத்துப் பார்க்கவே இயலவில்லை.

சிற்றுண்டி பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் பரவியது. அப்பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டித்தது. ஆனால் 1925இல், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாகாது என்று அன்றைய ஆங்கில அரசாங்கம் தடுத்துவிட்டது. கணக்குப் புத்தகத்தின் கண்ணில் எழுத்து வேறு, பசி வேறு போலும்!

இதே காலத்தில் குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் ஓர் ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்கு அளித்து வளர்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கலந்த பஞ்சாபியர் உணவை உண்டவை கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய நம் சென்னை இராசதானியின் உணவை உண்டவை இளைத்துப் பின்தங்கின. அரிசியைத் தீட்டத் தீட்டத் தவிட்டோடு உயிர்ச்சத்தும் போய்விடுகிறது என்பது உறுதியாயிற்று. ஆனால் அவ்வுண்மை ஆராய்ச்சிக் கூடத்தைவிட்டு நம் அடுக்களைக்கு வந்ததா? இல்லை. ஆலைகள் பெருகின, வெள்ளை அரிசியே மதிப்புக்கு அடையாளமாயிற்று, களியும் கூழும் ஏழையின் உணவு என இகழப்பட்டன. அறிந்த ஒன்று பழக்கமாவதற்கு அறிவு மட்டும் போதவில்லை.

1954இல் காமராசர் முதலமைச்சரானார். பள்ளிக்கு வராத சிறுவர் ஆடு மேய்ப்பதைக் கண்ட அவர், சோறு போட்டால் வருவார்கள் என்று துணிந்தார். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அத்துணிவைச் செயலாக்கினார். 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் பகல் உணவைத் தொடங்கி வைத்தார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசாங்கம் பணத்தைக் கொட்டி இதைத் தொடங்கவில்லை. முதலில் ஊராரிடமே கையேந்தியது. அரிசியும் பருப்பும் விறகும் ஊராரே கொணர்ந்தனர். 1957இல்தான் செலவில் 100க்கு 60 பங்கை அரசு ஏற்றது. எஞ்சிய 40 பங்கு ஊரார் பொறுப்பு. 1961 முதல் கேர் நிறுவனத்தின் பால்மாவும் எண்ணெயும் மக்காச்சோள மாவும் வந்தன.

அந்த மஞ்சள் நிற உப்புமாவை உண்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்நாளில் சத்துவாச்சாரி, வட ஆர்க்காட்டின் ஒரு சிற்றூர். பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் முதலில் மூக்கைப் பொத்திக்கொள்வோம். முதல் வாரம் ஒரு மிடறு, மறுவாரம் அரைக் குவளை. பக்கத்தில் இருப்பவன் குடித்துவிட்டான் என்னும் வீம்பே எங்களைப் பால் குடிக்கச் செய்தது. தாய் கெஞ்சியும் நடவாதது பந்தியில் நடந்தது.

1982 ஜூலை 1ஆம் நாள், எம்.ஜி.இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது, சத்துணவுத் திட்டம் தொடங்கிற்று. அப்பொழுது நான் ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் இளம் ஆசிரியன். அவ்வூரார் பலர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குச் செல்பவர்கள். ஆதரவற்ற பெண்களுக்குச் சமையல் பணியில் முன்னுரிமை தரப்பட்டதால், எங்கள் பள்ளிக்குச் சேரியிலிருந்து ஒரு கைம்பெண் சமையற்காரராக வந்தார். முதல் நாளே ஊர்த் தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் தட்டெடுக்கவில்லை. சிலர் வீட்டுக்கு ஓடினர். சிலர் புளிய மரத்தடியில் தனித்து அமர்ந்து தம் தூக்குச் சட்டியைத் திறந்தனர். எங்கள் தலைமையாசிரியர் யாரையும் கடியவில்லை. மறுநாள் தம் தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் வரிசையில் தரையில் அமர்ந்தார். "அம்மா, எனக்குக் கொஞ்சம் சாம்பார் கூட ஊற்றுங்கள்" என்றார். நாங்களும் அமர்ந்தோம். நாள்தோறும் அமர்ந்தோம். புளிய மரத்தடியிலிருந்து ஒரு சிறுவன் வந்தான். பத்து நாள் சென்று அவன் தம்பி வந்தான். பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியபோது மரத்தடியில் இருவரே எஞ்சியிருந்தனர். அவ்விருவரும் கடைசி வரை வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அரசும் மெதுவாகவே நடந்தது. முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை, 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் வாரம் ஐந்து. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். ஒரு முட்டை ஐந்தாக இருபத்தோர் ஆண்டுகள் ஆயின! காலை உணவும் அவ்வாறே. 2022 செப்டம்பரில் 1,545 தொடக்கப் பள்ளிகளில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது. அங்கே அடுப்பேற்றுபவர்களில் பெரும்பாலோர் அவ்வூர் மகளிர் குழுவினர்; தம் பிள்ளை உண்ணும் உப்புமாவில் காய் எத்தனை விழுந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பசியை விரட்டிய கதை இது. ஆனால் பசி போன இடத்தில் வேறொன்று வந்து குந்திக்கொண்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மிகை எடையுடையோர் 2015-16இல் 100க்கு 30.9 பேர், 2019-21இல் 40.4 பேர். ஆடவரில் 37 பேர். என் பழைய மாணவிகள் பலர் இன்று காலணித் தொழிற்சாலைகளில் தையற்பொறியின்முன் பகலெல்லாம் அமர்ந்து உழைப்பவர்கள். வாசலுக்கே வரும் பேருந்தில் ஏறி, வாசலிலேயே இறங்குபவர்கள். அவர்களைச் சோம்பர் எனல் அநீதி. அவர்களுடைய கால்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

எனக்கும் சர்க்கரை நோய் வந்தது. நாள்தோறும் நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். முதல் நாளே வீறாப்பாக ஐந்து கிலோமீட்டர் நடந்து, மூன்று நாள் முழங்கால் வலியோடு படுத்துக் கிடந்தேன். பிறகு இரு முறை தொடங்கி இரு முறையும் விட்டேன். உடற்பயிற்சியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஓயாமல் உபதேசித்தவனின் நிலை இது!

இறுதியில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும், தோல் மண்டியில் கணக்கெழுதிய ஒருவரும், நானும் சேர்ந்துகொண்டோம். முதல் மாதம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாயில் வரையே சென்று திரும்பினோம். அது பத்து நிமிடத் தொலைவுகூட இல்லை. மறுமாதம் ஒரு தெரு கூட்டினோம். பிறகு எதிர் வீட்டு அம்மையார் தம் மருமகளுடன் வந்து சேர்ந்தார். அவர்தாம் ஒரு நாள், காலையில் மூன்று இட்டிலியோடு நிறுத்திக்கொண்டு மீதிக்குச் சுண்டல் உண்ணலாமே என்றார். இப்போது நான்கு வீடுகளில் அப்படித்தான். இன்று ஏழு பேர் நடக்கிறோம். கணக்கர் வழியெல்லாம் விலைவாசி பேசுவார். அது ஒன்றுதான் பொறுக்க முடியாதது.

சென்ற வாரம் ஒரு நாள் விடியலில் தூறல். இன்று வேண்டாம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். வாயிற் கதவு தட்டப்பட்டது. தபால்காரர் குடையோடு நின்றார். "வாத்தியாரே, தந்திதான் நின்றுபோயிற்று, நான் நிற்கவில்லை, வாருங்கள்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.