கன்டெய்னர் டிரெய்லர்களில் மின்கலத் துண்டிப்பான்: வடசென்னைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்லும் கடலோரச் சாலையிலும், மணலிப் பக்கத்துச் சாலைகளிலும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையில் நிற்பது நெடுநாள் வழக்கம். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கெனத் தனி முனையம் 1983இல் ஏற்பட்டது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கி, 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாறியது. இவ்விரு துறைமுகங்களுக்கும் சரக்கு ஏற்றி இறக்கும் ஓட்டுநருக்கு வண்டியின் கேபின்தான் பணியிடம். உண்பதும் உறங்குவதும் அங்கேயே. எஞ்சின் ஓடாத வேளையில் அந்தக் குடியிருப்புக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் தருவது, காலையில் எஞ்சினை எழுப்ப வேண்டிய அதே பேட்டரி.

ஒரே பேட்டரியின்மேல் விழும் இவ்விரு கடமைகளுக்கு நடுவே நிற்கும் கருவியே இக்கட்டுரையின் பொருள். ஓட்டுநர்கள் அதைக் கட்-ஆஃப் சுவிட்ச் என்பர். அது வண்டியை ஓய்வில் வைப்பதற்கான கருவி. ஓடும் வண்டியை நிறுத்துவதற்கானது அன்று. சாலையில் நிற்கும் எல்லா வண்டியும் ஓய்வில் இருக்கும் வண்டி அன்று. இவ்வேறுபாடுகளை மறப்பதிலிருந்தே பெரும்பாலான கேடுகள் பிறக்கின்றன என்பது நம் துணிபு.

2. வரையறைகள்

மின்கலத் துண்டிப்பான் என்பது பேட்டரிக்கும் வண்டியின் மின்சுற்றுகளுக்கும் இடையிலுள்ள முதன்மைப் பாதையைக் கையாலோ ரிலே வழியாகவோ திறந்து மூடும் சுவிட்ச். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பது சில சுற்றுகளை மட்டுமே நிறுத்தும். துண்டிப்பான் பேட்டரியையே விலக்கி வைக்கும்.

உறக்க ஓட்டம் என்பது சாவி எடுத்த பின்னும் கடிகாரம், கட்டுப்பாட்டுப் பெட்டி, இருப்பிடங்காட்டி முதலியவை தொடர்ந்து இழுக்கும் சிறு மின்னோட்டம்.

விடுசுமை மிகையழுத்தம் என்பது டைனமோ மின்னூட்டிக்கொண்டிருக்கையில் பேட்டரி திடீரென விலகினால் எழும் மின்னழுத்த ஏற்றம். 24 வோல்ட் வண்டியில் ஒரு கணத்துக்கு அது 100 வோல்ட்டையும் தாண்டக்கூடும்.

மின்வில் என்பது சுவிட்சின் தொடுமுனைகள் பிரியும்போது இடைவெளியில் பாயும் தீப்பொறி. மாறுமின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைக் கடப்பதால் அதில் வில் தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்தில் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே வீட்டுச் சுவிட்ச் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

3. வகைகள்

துண்டிக்கப்படும் முனையைக் கொண்டு மூவகை கூறலாம்: நேர்முனைத் துண்டிப்பு, எதிர்முனைத் துண்டிப்பு, இருமுனைத் துண்டிப்பு. எதிர்முனை வண்டியின் உடலோடு, அதாவது பாடி எர்த்தோடு, சேர்ந்திருக்கிறது. அதைத் துண்டித்த பின் ஸ்பானர் தவறி நேர்முனையையும் சட்டத்தையும் ஒருங்கே தொட்டாலும் குறுக்குச்சுற்று நேராது. பணிமனைக்கு இது பெரும் பாதுகாப்பு. இருமுனைத் துண்டிப்பு இதனினும் உறுதியானது, செலவும் கூடுதல்.

இயக்கும் முறையால், பேட்டரிப் பெட்டியருகே திருகும் சிவப்புச் சாவி வகை, நெம்புகோல் வகை, கேபினிலிருந்து பொத்தானால் இயக்கும் ரிலே வகை எனப் பிரியும்.

எவ்வகையாயினும் அதன் தாங்குதிறனை இரு எண்களால் அறிய வேண்டும்: தொடர்ந்து தாங்கும் ஆம்பியர் ஒன்று, செல்ஃப் அடிக்கும் சில நொடிகளுக்குத் தாங்கும் ஆம்பியர் மற்றொன்று. கனரக வண்டியின் செல்ஃப் மோட்டார் பல நூறு ஆம்பியர் இழுக்கும். தேய்ந்த தொடுமுனையில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தாலே, 500 ஆம்பியர் பாயும்போது 250 வாட் வெப்பம் அவ்விடத்தில் பிறக்கும். கடையில் விலை மலிந்தது என்று வாங்கிப் பூட்டிய சுவிட்சின் பிளாஸ்டிக் உருகுவதற்கு இதுவே காரணம்.

4. பேட்டரி இறங்கும் காரணங்கள்

டிரெய்லரை இழுக்கும் வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. தொடரிணைப்பில் மின்னழுத்தம் இரட்டிக்குமேயன்றிக் கொள்ளளவு இரட்டிக்காது. 120 ஆம்பியர்-மணிப் பேட்டரிகள் இரண்டு சேர்ந்தாலும் 120 ஆம்பியர்-மணிதான்.

முதற்காரணம் விளக்கு. 5 வாட் பல்புகள் 12 எரிந்தால் 60 வாட்; 24 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், பத்து மணி நேரத்தில் 25 ஆம்பியர்-மணி. இரண்டாவது குடியிருப்புச் சுமை: மின்விசிறி, கேபின் விளக்கு, செல்பேசி ஏற்றி. மூன்றாவது உறக்க ஓட்டம். அது 50 மில்லி ஆம்பியராக இருந்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணியே போகும்; ஓரிரவில் தெரியாது, யார்டில் ஒரு மாதம் நின்றால் 36 ஆம்பியர்-மணி ஆகிவிடும். துண்டிப்பான் பெருமளவு தீர்ப்பது இம்மூன்றாவதை மட்டுமே.

நான்காவது காரணம் மறைவானது. அதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். பாட்டுப்பெட்டி முதலிய 12 வோல்ட் கருவிகளுக்காக, இரு பேட்டரிகளும் சேரும் நடுமுனையிலிருந்து ஒயர் எடுக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. இதனால் வண்டியுடலோடு சேர்ந்த கீழ்ப்பேட்டரி மட்டும் இறங்கும். மேல்பேட்டரியோ மின்னூட்டத்தின்போது அளவுக்கு மிஞ்சி ஏறிக் கொதிக்கும். இக்கேட்டை ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் அறிவர். எதிர்முனைத் துண்டிப்பான் உள்ள வண்டியில் அதே ஒயர் வேறொரு கேட்டையும் விளைவிக்கிறது. சுவிட்சைத் திறந்ததும் வண்டியுடல் கீழ்ப்பேட்டரியின் எதிர்முனையைவிட்டு விலகிவிடும். ஆயினும் மேல்பேட்டரியின் நேர்முனையிலிருந்து, இணைப்பிலுள்ள ஏதேனும் ஒரு 24 வோல்ட் கருவி வழியாக, மின்னோட்டம் வண்டியுடலுக்கு வரும். அங்கிருந்து பாட்டுப்பெட்டிக்குள் தலைகீழாகப் புகுந்து நடுமுனையை அடையும். சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று ஓட்டுநர் நம்பியிருக்க, மேல்பேட்டரி இறங்கிக்கொண்டும் கருவி தலைகீழ் மின்னோட்டத்தால் கெட்டுக்கொண்டும் இருக்கும். நடுமுனையைத் தொடாமல், துண்டிப்பானுக்கு அப்பாலிருந்து 24-12 வோல்ட் மாற்றி ஒன்றை வைப்பதே இதற்குத் தீர்வு.

5. சுற்றுகளின் பாகுபாடு

எதைத் துண்டிக்கலாம் என்ற கேள்விக்குச் சுற்றுகளை மூன்றாகப் பகுத்தே விடை காண முடியும். துண்டிக்கத்தக்கவை: செல்ஃப், முகப்பு விளக்கு, ஹாரன், கேபின் கருவிகள். துண்டிப்பானுக்கு முன்பே தனி ஃபியூசோடு இணைக்கத்தக்கவை: தயாரிப்பாளர் அவ்வாறு குறித்துள்ள இருப்பிடங்காட்டி, கட்டுப்பாட்டுப் பெட்டியின் நினைவுச் சுற்று. காசிமேட்டு விசைப்படகில், அடித்தட்டு நீரை இறைக்கும் பம்பு இவ்வினத்தைச் சேரும். படகு கட்டிக் கிடக்கும்போது அது நின்றுவிடலாகாது.

மூன்றாவது, இடத்தைப் பொறுத்தவை: பார்க் லைட்டும் நான்கு மூலை மின்னும் இண்டிகேட்டரும். டிரெய்லருக்குப் பெரும்பாலும் தனிப் பேட்டரி இல்லை. அதன் பின்விளக்கு ஏழுமுனைப் பிளக் வழியாக இழுவண்டியிடமிருந்தே மின்சாரம் பெறுகிறது. ஆகவே கேபினருகே சுவிட்சை அணைத்தால் நாற்பதடிக்குப் பின்னால் விளக்கு அணையும். இரவில் சாலையோரம் விளக்கின்றி நிற்கும் டிரெய்லரின் பின்புறத்தில் இருசக்கர வண்டி மோதுவது உயிர் பறிக்கும் விபத்து. சாலையில் நிற்கும் வண்டியில் இரவில் துண்டிப்பானைத் தொடவே கூடாது என்பதை விலக்கில்லா விதியாகக் கொள்கிறோம். யார்டு, பணிமனை, சாத்தங்காடு போன்ற இடங்களில் சாலையை விட்டு விலகிய நிறுத்தம் ஆகியவையே அதற்கு உரிய இடங்கள்.

6. துண்டித்தலின் படிநிலைகள்

முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். எஞ்சின் ஓடுகையில் துண்டித்தால் முன்சொன்ன மிகையழுத்தம் டைனமோவின் டயோடுகளையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் எரிக்கும். இயந்திர பம்பு கொண்ட பழைய டீசல் எஞ்சின் பேட்டரியின்றியும் ஓடும். ஓடும்போதே துண்டிக்கும் அந்தப் பழக்கத்தைப் புதிய வண்டிக்குக் கொண்டுவருவது ஆபத்து.

அடுத்தது காத்திருத்தல். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பி.எஸ்.-6 வண்டிகளில், புகையைத் தூய்மையாக்கும் யூரியாக் கரைசல் குழாயில் ஓடுகிறது. எஞ்சின் நின்ற பிறகு பம்பு அக்கரைசலைத் தொட்டிக்குத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதற்குள் மின்சாரம் போனால், சூடான முனையில் கரைசல் காய்ந்து படிகமாக அடைத்துக்கொள்ளும். கையேடு சொல்லும் நேரம், பெரும்பாலும் ஓரிரு நிமிடங்கள், கழிய வேண்டும். சில வண்டிகளில் அணையும் சிறுவிளக்கே இதற்கு அடையாளம்.

பின்னர், மற்றச் சுமைகளை அவற்றின் சொந்தச் சுவிட்சுகளால் நிறுத்தி, இறுதியில் துண்டிப்பானைத் திருப்ப வேண்டும். சுமையோடு துண்டித்தால் மின்வில் தொடுமுனையைத் தின்னும். அப்போதுதான் மின்னேற்றம் முடிந்த பேட்டரிப் பெட்டியில் ஹைட்ரஜன் தேங்கியிருக்கலாம். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது வெடிக்கும். மூடியைத் திறந்து காற்றோட விட்ட பின்பே சுவிட்சைத் தொடுவது நன்று.

வெல்டிங் வேலைக்குத் துண்டிப்பானை மட்டும் நம்புவது போதாது. இரு டெர்மினல்களையும் கழற்ற வேண்டும். டிரெய்லரின் ஏழுமுனைப் பிளக்கையும் ஏ.பி.எஸ். பிளக்கையும் பிரிக்க வேண்டும்.

7. டாங்கர் லாரிகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளுக்கும் மணலிக்கும் செல்லும் டாங்கர்களுக்குத் துண்டிப்பான் விருப்பத்தைச் சார்ந்தது அன்று. 2002ஆம் ஆண்டுப் பெட்ரோலிய விதிகள், பேட்டரிக்கு அருகிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஏற்பாட்டைக் கேட்கின்றன. இங்கே காலமே முதன்மை: மேல்மூடி திறக்குமுன் துண்டிக்க வேண்டும், மூடி இறுகி ஆவி அகன்ற பின்பே மீண்டும் இணைக்க வேண்டும்.

8. உப்புக்காற்றும் வெள்ளமும்

இக்கடற்கரையில் செம்புத் தொடுமுனைகள் விரைவில் களிம்பேறுகின்றன. களிம்பு தடை, தடை வெப்பம். மாதம் ஒருமுறை சுத்தம் செய்து பெட்ரோலியம் ஜெல்லி பூசுவதோடு, சுவிட்சை ஒருமுறை திறந்து மூடினாலும் தொடுமுனை துலங்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடசென்னையை மூழ்கடித்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அத்தகைய வேளையில் நீர் பேட்டரிப் பெட்டியை எட்டுமுன்பே துண்டிக்க வேண்டும். மூழ்கிய ஒயரில் மின்னழுத்தம் நீடித்தால் நேர்முனைச் செம்பை மின்பகுப்பு கரைத்துவிடும். நீர்மேல் எண்ணெய் மிதப்பதைக் கண்ட பின் சுவிட்சைத் தொடாமல் விலகுவதே முறை.

9. முடிபு

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் குளிரூட்டி கட்டாயம். வழக்கமான குளிரூட்டி எஞ்சின் நின்றால் நிற்கும். இரவு நிறுத்தத்தில் ஓட்டுநருக்கு மின்விசிறியே மிஞ்சும். விசிறி, பின்விளக்கு, காலை செல்ஃப் ஆகிய மூன்றில் ஒன்றைக் கைவிடும் நிலைக்கு அவரைத் தள்ளிவிட்டு, சுவிட்சைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று குறைகூறுவது நேர்மையாகாது. வரிசையின் நீளம் அவர் கையில் இல்லை. வண்டி உரிமையாளர்கள் கேபினுக்கெனத் தனிப் பேட்டரி ஒன்றும், டிரெய்லர் முழுவதும் எல்.இ.டி. பின்விளக்குகளும் பொருத்தித் தர வேண்டும்; துண்டிக்கும் வரிசையைப் பேட்டரிப் பெட்டியின் மூடியிலேயே தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்ட வேண்டும்.