சீதன வீடும் முதுமையும்

யாழ்ப்பாணத்தில் முதுமையின் வரலாறு வீட்டின் வரலாறும் ஆகும். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707ஆம் ஆண்டளவில் தொகுத்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்துக் காட்டியது. சீதனமாக வீடு மகளுக்குச் சென்றது. பெற்றோர் பெரும்பாலும் ஒரு மகளின் வீட்டிலேயே இறுதிக்காலத்தைக் கழித்தனர். அடுத்த வளவில் இன்னொரு மகளோ பெறாமகளோ இருந்தாள். கஞ்சி கொடுப்பதும் குளிக்க வார்ப்பதும் இரவில் கண்விழிப்பதும் பெண்களின் கடமையாயின. அதனை எவரும் சேவை என்று பெயரிட்டு அழைக்கவில்லை.

1983இன் பின் அந்த மகள்மார் இலண்டனுக்கும் கனடாவுக்கும் சென்றனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, நடக்க இயலாத முதியோர் சிலர் வீடுகளிலேயே தங்கிவிட்டனர். 1981இல் ஏழு இலட்சத்தைத் தாண்டியிருந்த யாழ். மாவட்டச் சனத்தொகை, 2012இல் ஆறு இலட்சத்துக்கும் குறைந்தது. அதே காலத்தில், இலங்கை முழுவதிலும் 60 வயதைக் கடந்தோரின் பங்கு 6.6 வீதத்திலிருந்து 12.4 வீதமாக உயர்ந்தது. பெரிய வீடுகளில் தனித்த தாய்மார் காவலிருந்தனர்.

கைதடியில் அரச முதியோர் இல்லம் உண்டு. ஆயினும் தம் வளவை விட்டுப் போக விரும்பாதோரே அதிகம். 1986இல் தொடங்கிய ஹெல்ப் ஏஜ் ஸ்ரீலங்கா நிறுவனம் வீட்டுப் பராமரிப்புத் தொண்டர்களைப் பயிற்றுவித்து வந்துள்ளது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என விதித்து, பராமரிப்புச் சபையையும் அமைத்தது. கிராமங்களில் முதியோர் சங்கங்களும் தோன்றின. நடமாடக்கூடிய முதியவரே படுக்கையிலுள்ள முதியவரைச் சென்று பார்க்க அவை வழி செய்தன.

சட்டம் கடமையை நினைவூட்டலாம். வெளிநாட்டுப் பணம் மருந்தை வாங்கலாம். கிணற்றடியில் விழுந்தவரைத் தூக்கிவிட அயலில் ஒருவர் வேண்டும். இன்று அந்த ஒருவர் பெரும்பாலும் அதே ஒழுங்கையில் வாழும் வேறொருவரின் மகள். முன்னைய மகளின் உழைப்பு கணக்கில் வராததுபோல் இவளுடையதும் வராது போகலாகாது. பஸ் கட்டணமும் கைச்செலவும் முறையான பயிற்சியும் அவளுக்கு உரியவை.

பழைய மாணவியராகிய நாம் பாடசாலைக் கட்டடங்களுக்கு மனமுவந்து வழங்கி வந்திருக்கிறோம். நூற்றாண்டு காணும் இவ்வேளையில், எமது தாய்மாரின் கிராமத்து முதியோர் சங்கத்தையும் விசாரித்து அறிந்து, அதன் தொண்டர்களுக்குக் கைகொடுப்போமாக.