முகாமில் சொன்ன வாக்கு

தேர்தல் நாளன்று நாம் ஓட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு மறைவான தட்டிக்குப் பின்னால் போகிறோம். யாருக்குக் குறியிட்டோம் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அந்தத் தட்டி இல்லாமல் நடந்த ஒரு வாக்களிப்பைப் பற்றி இன்று பேசுவோம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்கள், அடிமை முறையைக் காத்துக்கொள்வதற்காக, ஐக்கிய நாட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டிருந்த 1861ஆம் ஆண்டு அது. வர்ஜீனியா புகையிலைத் தோட்டங்கள் மலிந்த மாநிலம். அங்கே கூடிய மாநில மன்றம் ஏப்ரல் 4ஆம் தேதி பிரிவினை வேண்டாம் என்றது. 12ஆம் தேதி சம்டர் கோட்டை மீது தென்னவர் பீரங்கி முழங்கியது. லிங்கன் 75,000 வீரர்களைத் திரட்ட அழைப்பு விடுத்தார். 17ஆம் தேதி அதே மன்றம், 88க்கு 55 என்ற கணக்கில், பிரிவதென்று முடிவு செய்தது. மக்களும் ஒப்ப வேண்டும் என்று மே 23ஆம் தேதி வாக்களிப்புக்குக் குறிக்கப்பட்டது.

ஆனால் பெண் கேட்குமுன் பந்தல் போட்டாற்போல், காரியங்கள் முந்திக்கொண்டன. மறுநாளே ஹார்ப்பர்ஸ் ஃபெரியிலிருந்த ஐக்கிய அரசின் ஆயுதச்சாலையை வர்ஜீனியப் படை கைப்பற்றியது. 23ஆம் தேதி ராபர்ட் லீ மாநிலப் படைகளின் தலைவரானார். வாலிபர்கள் கூட்டம் கூட்டமாக முகாம்களுக்குப் போனார்கள். அவர்கள் முகாமிலேயே வாக்களிக்க மன்றம் வழிசெய்தது.

எப்படி வாக்களித்தார்கள் தெரியுமா? வாயால் சொல்லித்தான்! வாக்கைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும், சீட்டு கூடாது என்பது வர்ஜீனியாவின் சட்டம். வாய் பேச முடியாதவர்களுக்கு மட்டுமே சீட்டு. சொன்னது பெயரோடு ஏட்டில் ஏறும்.

காலையில் பெரட்டுக்கு நிற்கிறோம். தண்டலும் கிராணியும் பார்த்துக்கொண்டிருக்க, தோட்டத்து விவகாரம் ஒன்றில் நம் எண்ணத்தை உரக்கச் சொல்லச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பேர் "மாட்டேன்" என்போம்? அந்த வாலிபர்களில் பலர் மனமாரவே பிரிவினையை விரும்பியவர்கள்தாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் சீருடை போட்டு, துப்பாக்கியும் வாங்கிக்கொண்டவன், அதிகாரியின் எதிரே "வேண்டாம்" என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். முகாமுக்கு வெளியிலும் நெருக்கடிதான். பிரிவினையை ஏற்க மனமில்லாதவர்கள் வாக்களிக்காமல் இருக்கட்டும், அந்த எண்ணம் மாறாவிட்டால் மாநிலத்தை விட்டே போகட்டும் என்று மேசன் என்ற அரசியல் தலைவர் கடிதமே எழுதினார்.

வாக்களித்தவர்கள் வெள்ளை இன ஆண்கள் மட்டுமே. மாநிலத்தில் வேர்வை சிந்திய அடிமைகள் ஏறத்தாழ 490,000 பேர். யாருடைய வாழ்வுக்காக அந்தச் சண்டையோ, அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

அரசு வெளியிட்ட கணக்கில் ஆதரவு 125,000க்கு மேல். எதிர்ப்பு 20,000க்குச் சற்று மேல். மேற்கு மலைப் பகுதியில் பல மாவட்டங்கள் எதிர்த்தன. அங்கிருந்து பல கணக்குகள் வந்து சேரவேயில்லை. அப்பகுதி 1863இல் மேற்கு வர்ஜீனியா என்று தனி மாநிலமாயிற்று.

வாக்களித்த மறுநாள் விடியுமுன்னே ஐக்கியப் படை பொட்டோமாக் ஆற்றைக் கடந்து வர்ஜீனியாவுக்குள் நுழைந்தது. நான்காண்டுப் போருக்குப் பின், 1867 அக்டோபரில், விடுதலை பெற்ற கறுப்பின ஆண்கள் அங்கே முதன்முறையாக வாக்களித்தார்கள். அதில் அமைந்த மன்றத்தில் 24 கறுப்பினத்தவர்கள் இருந்தார்கள். அந்த மன்றம் எழுதி, 1869இல் மக்கள் ஒப்பிய புதிய அரசியல் சட்டத்தில், வாயால் சொல்லும் முறை போய்ச் சீட்டு முறை இடம்பெற்றது.