மலையகத் தோட்டங்களில் தேசிய அடையாள அட்டை

தேசிய அடையாள அட்டை என்பது இலங்கைக் குடிமக்களின் ஆளடையாளத்தை உறுதிப்படுத்தும் அரச ஆவணம் ஆகும். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் ஆட்பதிவுத் திணைக்களம் இதனை வழங்குகிறது. முதல் அட்டைகள் 1972 இல் வழங்கப்பட்டன. 2016 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி 15 வயது நிரம்பியவர்கள் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே எனினும், நுவரெலியா, பதுளை முதலிய மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர் இவ்வட்டையைப் பெறுவதில் தனிச் சிக்கல்கள் உள்ளன.

குடியுரிமைப் பின்னணி

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாக ஏற்பதென 1974 இல் உடன்பாடு காணப்பட்டது.

ஆட்பதிவுச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. ஆகையால் குடியுரிமை கிடைக்கும் வரை இம்மக்களால் அடையாள அட்டை பெற இயலவில்லை. 1986, 1988 ஆம் ஆண்டுகளின் சட்டங்களைத் தொடர்ந்து, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது.

விண்ணப்பிக்கும் முறை

பொதுவாக விண்ணப்பப் படிவத்தைக் கிராம உத்தியோகத்தர் சான்றுப்படுத்த, பிரதேச செயலாளர் மேலொப்பமிடுவார். தோட்டங்களில் வசிப்போர் தோட்ட அத்தியட்சகர் (பேச்சு வழக்கில் 'துரை') மூலமாகவும் விண்ணப்பிக்கலாம். மாணவர்களின் விண்ணப்பங்களைப் பாடசாலை அதிபர் சான்றுப்படுத்துவார். படிவத்துடன் பிறப்புச் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும்.

பிறப்பு பதியப்படாதவர்கள் முதலில் காலங்கடந்த பதிவைச் செய்ய வேண்டும். அதற்கும் வழியில்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறுவர்.

அட்டை இலக்கம்

2016 முதல் அட்டை இலக்கம் 12 இலக்கங்களைக் கொண்டது. முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு இந்நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் எனக் கொள்ளப்படுவதால், மார்ச் 1 அன்று பிறந்த ஆணுக்கு 061 எனவும் பெண்ணுக்கு 561 எனவும் அமையும். இறுதி ஐந்து இலக்கங்களில் நான்கு தொடரெண். ஒன்று சரிபார்ப்பு இலக்கம். முந்தைய முறையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன.

பிறந்த நாள் இலக்கத்திலேயே அடங்கியிருப்பதால், பிறப்புச் சான்றிதழில் நேர்ந்த பிழை அட்டை இலக்கத்திற்கும் சென்றுவிடும்.

சிக்கல்கள்

தோட்டப்புறங்களில் ஒருவரின் பெயர் பல பதிவேடுகளில் பல விதமாக எழுதப்பட்டிருப்பது உண்டு. தமிழ்ப் பெயர்கள் பிறப்புப் பதிவிலும் தோட்டத்தின் 'செக்ரோல்' எனப்படும் வேலைப் பதிவேட்டிலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டதால் எழுத்துகள் மாறின. அட்டையில் உள்ள பெயர் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் உள்ள பெயருடன் பொருந்தாவிடின், ஓய்வு பெறும் தொழிலாளி தமது சேமிப்பைப் பெறுவது தாமதமாகும்.

முகவரி மற்றொரு சிக்கல். லயன் குடியிருப்புகள் பலவற்றில் வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற்கே வருகின்றன. அட்டையோ திணைக்களத்தின் கேள்விக் கடிதமோ உரியவரிடம் சேராமற் போகவும் கூடும். அவசரத் தேவைக்கு ஒருநாள் சேவையை நாடுவோர் தொலைவுப் பயணச் செலவையும் நாட்கூலி இழப்பையும் ஏற்க வேண்டியுள்ளது.

முக்கியத்துவம்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை, வாக்களிப்பு, வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு ஆகியவற்றுக்கு அடையாள அட்டை பயன்படுகிறது. அட்டை இல்லாத பரீட்சார்த்திகள் தபால் அடையாள அட்டையையும், வாக்காளர்கள் தேர்தல் ஆணைக்குழு வழங்கும் தற்காலிக அடையாள அட்டையையும் பயன்படுத்தலாம். ஆயினும் இவை மாற்று ஏற்பாடுகளே.

2017 ஒக்டோபர் முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் விவரங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் உள்ளன. எனினும் அட்டையின் விவரங்கள் பிறப்புச் சான்றிதழைப் பின்பற்றியே அமைகின்றன. எனவே பிள்ளை பிறந்தவுடன் பெயரையும் நாளையும் பிழையின்றிப் பதிவதே, பிற்காலத்தில் அட்டையும் அதைச் சார்ந்த உரிமைகளும் தடையின்றிக் கிடைப்பதற்கான முதற்படியாகும்.